சாவிக்கொத்தம்மா குடிவைத்த பேய்

என் வீட்டுக்காரி பேய்க்கதை எழுதுகிறவள் என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஊருக்குத் தெரிந்தவரை அவள் வீட்டுத் தரகர். வாடகைக்கு வீடு தேடி வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடப்பாள். இடுப்பில் ஒரு பெரிய வளையம், அதில் முப்பது நாற்பது சாவிகள். ஆள் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். அதனால் எல்லாருக்கும் அவள் சாவிக்கொத்தம்மா. நான் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தோம் என்று கேட்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் மூன்று தடவை சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று என் கடைக்கு வந்தாள். மூன்றும் தொலையவே இல்லை என்பதைக் கல்யாணமான பிறகுதான் சொன்னாள்.

பதினெட்டு வருஷமாக ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறாள். கொலை, மர்மம், நடுவில் ஒரு ஆவி. எல்லாம் ஓர் ஆம்பிளைப் பெயரில். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் எனக்கு வீட்டில் சாப்பாடு கிடையாது. என் கடைக்குப் பக்கத்துக் கடை தையல்காரர் அவளுடைய தீவிர வாசகர். ஒரு நாள் அவள் எதிரிலேயே சொன்னார்: “இந்த ஆள் கண்டிப்பா தனிக்கட்டைதான். பொண்டாட்டி புள்ள இருக்கிறவன் இப்படியெல்லாம் யோசிக்க மாட்டான்.” இவள் டீயை ஊதிக்கொண்டே, “அப்படித்தான் இருக்கும்ணே, பாவம்” என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. எனக்குத்தான் டீ மூக்கில் ஏறியது.

எங்கே எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். காலி வீடுகளில். பத்து மணிக்கு ஒருவருக்கு வீடு காட்டினால், அடுத்தவர் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார். நடுவில் கிடைக்கும் இரண்டு மணி நேரம் அவளுடையது. ஜன்னலைத் திறந்துவிட்டு, தரையில் செய்தித்தாளை விரித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுதுவாள். ராத்திரியில் ஒரு வரி எழுத மாட்டாள். பயமா என்று கேட்டால், “தூக்கம்” என்பாள்.

ஆரம்பத்தில் எழுதிய கதைகள் எல்லாம் திரும்பி வந்தன. முதல் கதையின் பேய் சுவரைத் துளைக்கும், பறக்கும், மனசுக்குள் இருப்பதைப் படிக்கும், கொலைகாரன் பெயரை ரத்தத்தில் எழுதும். நான் படித்துக்கொண்டே தூங்கிவிட்டேன். எழுப்பிக் கேட்டாள், “என்னங்க, எப்படி இருக்கு?” எனக்கு மூக்கு மேல் கோபம். “ஏம்மா, இந்தப் பேயால எல்லாம் முடியுது. எவன் கொன்னான்னும் தெரியுது. அப்புறம் எதுக்கு இருநூறு பக்கம்? போய்க் கழுத்தைத் திருகிட்டு வர வேண்டியதுதானே?” என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். தலைப்பில் ‘பயோடேட்டா’ என்று இருந்தது.

அன்று முதல் இன்று வரை எந்தப் பேய்க்கும் பயோடேட்டா இல்லாமல் அவள் ஒரு வரி எழுதியதில்லை. வயசு, செய்த வேலை, எப்படிச் செத்தது, எதைப் பாதியில் விட்டுவிட்டுப் போனது. இதெல்லாம் நாலு வரிதான். அதற்குக் கீழே ‘முடியாதவை’ என்று கோடு போட்டு எழுதுவாள் பாருங்கள், அது ஒரு பக்கத்துக்கு நீளும். “எதெல்லாம் முடியும்னு எழுதுறது கத்துக்குட்டி வேலை. முடியாததுதான் பேயை ஆளாக்கும்” என்பாள். உயிரோடு இருந்தபோது தெரியாத எதுவும் அவளுடைய பேய்க்குத் தெரியாது. முதுகில் குத்தப்பட்ட பேய்க்குக் குத்தியவன் முகம் தெரியாது. அதுவும் நம்மைப் போலவே தேடிக்கொண்டு அலையும். ஒருமுறை தாளில் எழுதிவிட்டால் பிறகு மாற்றக் கூடாது. நடுவில் வசதிக்காக ஒரு சக்தியைக் கொடுத்தால் அது வாசகனை ஏமாற்றுவது என்று அவள் தீர்மானம். அந்த விஷயத்தில் பத்திரிகை ஆசிரியர் என்ன, நான் என்ன, யார் சொன்னாலும் எடுபடாது.

இவ்வளவு கறாரான மனுஷி ஒரு பெரிய தப்புச் செய்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் கதையில் வரும் வீடுகளைக் கற்பனை செய்வதே இல்லை. இடுப்பு வளையத்தில் எது கனக்கிறதோ அந்த வீட்டை எடுத்துக்கொள்வாள். ஆனால் மூன்று விஷயத்தை மாற்றிவிடுவாள்: படிக்கட்டு எந்தப் பக்கம், கதவு என்ன நிறம், அடுத்து இருப்பது என்ன கடை. அதற்குப் பிறகு வீட்டுக்காரரே படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பதினெட்டு வருஷம் இப்படித்தான் பிழைப்பு ஓடியது.

அப்போதுதான் டீச்சரம்மாவின் வீடு கைக்கு வந்தது. டீச்சரம்மா ஓய்வு பெற்ற டிராயிங் டீச்சர், எழுபத்தொரு வயசு, தனி ஆள். மாடியில் அவர் இருந்தார். கீழ்வீடு காலி. பச்சைக் கதவைத் திறந்தால் சின்னதாக ஒரு நடை, வலது பக்கம் கீழ்வீட்டின் வாசல், இடது பக்கம் மரப்படிக்கட்டு. படிக்கட்டு திரும்பும் இடத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்த கண்ணாடி ஜன்னல். காலை வெயில் அதில் பட்டு ஏழாம் படியில் விழும். அந்தப் படியை மிதித்தால் ஒரு முனகல். முதல் நாள் பார்த்துவிட்டு வந்தவள் சாப்பிடவே இல்லை. “இந்த வீட்டை மாத்த முடியாதுங்க. படியை வலது பக்கம் போட்டா வெயில் வராது. வெயில் வரலன்னா அவ நிக்க மாட்டா” என்றாள். யார் நிற்க மாட்டாள் என்று கேட்டேன். பேயாம்!

அப்படியே எழுதினாள். பச்சைக் கதவு, இடப்பக்கப் படிக்கட்டு, கண்ணாடி ஜன்னல், பக்கத்தில் சைக்கிள் கடை, எதுவும் மாறவில்லை. கதையில் கீழ்வீட்டில் குடியிருந்த இளம்பெண் ஒருத்தி ஏழாம் படியிலிருந்து விழுந்து செத்துப்போகிறாள். பிறகு அந்தப் படியிலேயே நிற்கிறாள். அதைத் தாண்டி மேலே ஏற அவளால் முடியாது. பேச முடியாது. காகிதத்தின் கனத்துக்கு மேல் எதையும் அசைக்க முடியாது. தான் விழுந்தது தெரியும், ஏன் விழுந்தோம் என்பது தெரியாது. அதற்குப் பிறகு குடிவருகிறவர்கள் ஒவ்வொருவராக அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். மொத்தம் பதினாறு வாரம். நானே படித்துவிட்டுக் கொஞ்ச நாள் எங்கள் வீட்டு மாடிப்படியில் தாவித் தாவி ஏறினேன். அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அதுதான் வினை.

டீச்சரம்மா வீட்டைப் பார்க்க வந்த முதல் குடும்பம் நடையிலேயே நின்றுவிட்டது. அந்த அம்மா படிக்கட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஒன்று இரண்டு என்று படிகளை எண்ணினார். “ஏங்க, இது அந்தக் கதையில வர்ற வீடு!” அவ்வளவுதான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்து வந்தவர் டீச்சரம்மாவைப் பார்க்க மாடி ஏறும்போது ஏழாம் படியில் காலை வைத்தார். அது முனகியது. மனுஷன் செருப்பை விட்டுவிட்டுப் போனார். பதினோராம் வாரக் கதை வந்தபோது, வாசலில் நின்று படம் எடுக்க ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

வீடு காலியாகக் கிடந்தால் என்ன, மெதுவாக ஆள் வரட்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். டீச்சரம்மா விஷயம் அப்படி இல்லை. நாலு மாதம் முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் அரை நாள் கிடந்தார். கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அதிலிருந்து அவருடைய மகன் ஒரே பிடியாக நின்றார். கீழே ஆள் குடியிருந்தால் அம்மா இங்கே இருக்கலாம், இல்லையென்றால் தன்னோடு வந்துவிட வேண்டும், வீட்டை விற்றுவிடலாம். அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கெடு. டீச்சரம்மா அந்த வீட்டில் நாற்பது வருஷம் இருந்தவர். மகனுடைய வீட்டில் அவருக்கு ஹாலில் ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். “கட்டிலைச் சுத்தி டிவி, டிவியைச் சுத்திப் பேரப்பிள்ளைங்க. நான் எங்க உக்காந்து வரையறது?” என்று இவளிடம் கேட்டிருக்கிறார். வேறு எதற்கும் அவர் புலம்பியதில்லை.

இரண்டு நாள் என் வீட்டுக்காரி சாவி வளையத்தை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “மூணே மூணு விஷயம்! மாத்தித் தொலைச்சிருந்தா என்னவாம்?” என்று கேட்டேன். “என் எழுத்து மேல எனக்கு அவ்வளவு ஆசைங்க. தப்புதான்” என்றாள். சண்டைக்குத் தயாராக நின்ற நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, “வாங்க, போய்ச் சொல்லிடலாம்” என்றாள்.

டீச்சரம்மா மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். “எவன் அவன்? ஒரு வார்த்தை கேக்காம என் வீட்டுக்குள்ள பேயைக் குடிவச்சவன்? கையில கிடைச்சான்னா இந்த ஸ்கேலாலயே நாலு போடுவேன்!”

“போடுங்க டீச்சர்” என்று கையை நீட்டினாள் இவள். “நான்தான் அது.”

டீச்சரம்மா கையையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார். சீவிய பென்சிலை மறுபடி சீவினார். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நான் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டேன். கடைசியில் அவர் கேட்டது இதுதான்: “ஏம்மா, நல்ல பொண்ணாத்தானே செத்துப்போறா? செத்ததும் எதுக்கு வர்றவங்களையெல்லாம் விரட்டுறா? குழந்தையைக்கூட விரட்டுறாளே. எனக்கு அது பிடிக்கவே இல்ல. கதையை மாத்து.”

“மூணு வாரம்தான் பாக்கி டீச்சர். பன்னெண்டு, பதிமூணு ரெண்டும் அச்சுக்குப் போயாச்சு. இதுவரைக்கும் வந்ததை அழிக்க முடியாது. அவளால முடியாததை முடியும்னும் எழுத முடியாது.”

“அது உன் பாடு. நான் இங்கதான் இருக்கணும்” என்றார் டீச்சரம்மா. குரல் கொஞ்சம் உடைந்தது.

கிளம்பினோம். இவள் முன்னால் இறங்கினாள். மேலேயிருந்து டீச்சரம்மா குரல் கொடுத்தார்: “கைப்பிடியைப் பிடிக்காதே, ஆடும்!”

இவள் ஏழாம் படியிலேயே நின்றுவிட்டாள். கைப்பிடியை மெதுவாக அசைத்துப் பார்த்தாள். ஆடியது. திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் அந்தப் பழைய திமிர் வந்துவிட்டிருந்தது. “அவ விரட்டல டீச்சர்!” என்று மேலே பார்த்துக் கத்தினாள். “விரட்டவே இல்ல!”

வீட்டுக்கு வந்து பழைய இதழ்களை எல்லாம் தரையில் பரப்பினோம். மூன்றாம் வாரம், குழந்தை கைப்பிடிமேல் சறுக்கி விளையாடும்போது காலண்டர் தாள் பறந்துவந்து அதன் முகத்தில் அறைகிறது. ஐந்தாம் வாரம், கைப்பிடியில் சாய்ந்து பேப்பர் படிக்கிற பெரியவரின் கையிலிருந்து பேப்பர் பிடுங்கப்படுகிறது. ஒன்பதாம் வாரம், பீரோ தூக்குகிறவர்கள் கைப்பிடியில் பாரத்தைச் சாய்க்கும்போது பழைய கடிதங்கள் ஒவ்வொன்றாகப் பறந்து அவர்கள் மேல் விழுகின்றன. ஒவ்வொரு தடவையும் கைப்பிடி! அது ஆடியது அவளுக்குத் தெரியும், ஏன் ஆடியது என்பதுதான் தெரியாது. யாரையும் துரத்த அல்ல, தன்னைப் போல அவர்களும் விழுந்துவிடக் கூடாதே என்றுதான். காகிதத்துக்கு மேல் அசைக்க முடியாதவள் வேறு எப்படித்தான் சொல்வாள்?

“இதை முதல்லயே யோசிச்சு வச்சிருந்தியா?” என்றேன்.

“இல்லீங்க. டீச்சரைப் பாக்க மாடி ஏறும்போது நூறு தடவை அதைப் பிடிச்சிருப்பேன். எனக்குத் தெரியல, கைக்குத் தெரிஞ்சிருக்கு.”

கொலைகாரனுக்கு வழி நான் கொடுத்தேன். கதையில் வரும் வீட்டுக்காரன், கைப்பிடியின் நீள ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்க்ரூக்களைப் போடுகிறான். பார்க்க ஒழுங்காக இருக்கும், சாய்ந்தால் பிடுங்கிக்கொண்டு வரும். பதினெட்டு வருஷத்தில் என் யோசனைக்கு அவள் ‘சபாஷ்’ சொன்னது அன்றுதான். மறுநாள் நான் டீச்சரம்மா வீட்டுக்குப் போய் நிஜக் கைப்பிடியையும் இறுக்கிவிட்டு வந்தேன். அங்கே கொலையும் இல்லை, ஒன்றும் இல்லை, மரம் தேய்ந்து ஓட்டை பெரிதாகியிருந்தது.

பத்திரிகை ஆசிரியர் குதித்தார். ரத்தம் உறையும் முடிவு என்று விளம்பரம் கொடுத்திருக்கிறாராம். பேய் பழிவாங்க வேண்டுமாம், வீடு என்றென்றைக்கும் பூட்டிக்கிடக்க வேண்டுமாம். இவள் போனில் ரொம்பப் பணிவாகச் சொன்னாள்: “சார், உங்களுக்கு அந்த முடிவுதான் வேணும்னா நீங்களே எழுதிப் போட்டுக்கங்க. அவ பயோடேட்டாவும் அனுப்பி வைக்கிறேன்.” அவர் போனை வைத்துவிட்டு, அவள் எழுதியதையே அச்சுக்கு அனுப்பினார்.

பதினாறாம் வாரம் வியாழக்கிழமை வந்தது. ஒரு தச்சர் கைப்பிடியைச் சரிசெய்கிறார். புதிதாகக் குடிவந்த குழந்தை அதில் சறுக்குகிறது. எந்தக் காகிதமும் அசையவில்லை. ஏழாம் படியில் வெயில் மட்டும் இருக்கிறது. தையல்காரர் கடையை அரை மணி நேரம் மூடிவிட்டு அழுதார். “தனிக்கட்டை இல்லப்பா இவன், பொண்ணைப் பெத்தவன்” என்றார். பத்திரிகை ஆபீஸில் போன் ஓயவில்லையாம். வாசலில் படம் எடுக்கிறவர்கள் வருவது நின்றுபோனது. எல்லாம் சரி, வெள்ளிக்கிழமை ஒருவரும் வீடு கேட்டு வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை.

ஞாயிறு காலை மகன் வண்டியோடு வந்துவிட்டார். நல்ல மனுஷன்தான், அம்மாமேல் உயிர். அட்டைப் பெட்டிகளில் படங்களையும் பெயிண்ட் டப்பாக்களையும் அவரே அடுக்கிக் கீழே இறக்கினார். டீச்சரம்மா மாடியில் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நானும் இவளும் நடையில் ஓரமாக நின்றோம்.

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். பேக்கரியில் மாவு பிசைகிறவராம், புருவத்தில்கூட மாவு ஒட்டியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பதினாறு வாரக் கதையையும் வெட்டி அடுக்கி வைத்திருந்தார். “இங்க கீழ்வீடு காலியா இருக்குன்னு சொன்னாங்க” என்றார். இவள் கதவைத் திறந்து காட்டினாள். மனுஷன் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அந்தப் பொண்ணு... முழுசாப் போயிட்டாளாம்மா? இல்ல, எப்பவாவது வந்து நிப்பாளா?”

எனக்குப் புரிந்துவிட்டது. ‘நிப்பாள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆள் இன்றைக்கே குடிவந்துவிடுவார். டீச்சரம்மாவின் பெட்டியெல்லாம் மறுபடி மாடிக்கு ஏறிவிடும். பதினெட்டு வருஷமாகப் பொய்யையே எழுதுகிறவளுக்கு இன்னும் ஒரு பொய்யா கஷ்டம்? சொல்லித் தொலையேன் என்று அவள் முழங்கையை இடித்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. “ஐயா, அது நான் எழுதினது. நானா எழுதினது. இந்த வீட்டுல யாரும் சாகல. அந்தப் படியில யாரும் நின்னதும் இல்ல, நிக்கப்போறதும் இல்ல. அது பழைய மரம், அதான் சத்தம் போடுது” என்றாள்.

பெட்டியோடு இறங்கிவந்த மகன் அப்படியே நின்றார். பேக்கரிக்காரர் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“தெரியும்மா” என்றார். “கதைன்னு எனக்குத் தெரியாதா? என் பொண்ணு போய் ரெண்டு வருஷமாச்சு. வீட்டுல அவ பேரை யாரும் எடுக்கிறதில்ல. எடுத்தா நான் அழுவேன்னு பயம். இந்தப் பதினாறு வாரம் வியாழக்கிழமையானா அவளைப் பாத்தேன். இந்த வியாழக்கிழமை முடிஞ்சுபோச்சு. எங்க போறதுன்னு தெரியல. அதான் இங்க வந்தேன்.”

என் வீட்டுக்காரியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கக்கூட இல்லை.

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டீச்சரம்மா படியிறங்கி வந்தார். ஏழாம் படி முனகியது. அதிலேயே உட்கார்ந்தார். பேக்கரிக்காரரைப் பார்த்து, “உங்க பொண்ணு எப்படி இருப்பா?” என்று கேட்டார்.

அவருக்குப் புரியவில்லை.

“முகம் எப்படி, முடி எப்படின்னு கேக்கறேன். நான் டிராயிங் டீச்சர். நீங்க சொல்லச் சொல்ல வரைவேன். ஒரு நாள்ல வராது, தப்புத் தப்பாத்தான் வரும். தினமும் சொல்லணும்” என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். “அந்தப் பென்சில் டப்பா எந்தப் பெட்டியிலப்பா இருக்கு?”

மகன் அம்மாவைப் பார்த்தார், அந்த மனுஷனைப் பார்த்தார். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்து, மண்டியிட்டு, ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்தார்.

“நெத்தி கொஞ்சம் அகலம்” என்று தொடங்கினார் பேக்கரிக்காரர்.